நீல விரிப்பின் மூலையில் ஒரு பெயர்

போன மாதம், நடிப்புத் தேர்வுக்காக என் மச்சாள் அனுப்பிய பழைய ஒடிசன் வீடியோ ஒன்று எங்கள் சனத்தின் கைபேசிகளிலெல்லாம் சுற்றித் திரிந்தது. அவள் நடித்த படத்தை எடுத்தவர்கள்தான், படத்துக்கு நல்ல பெயர் கிடைத்த சந்தோசத்தில், அதை வெளியே விட்டிருந்தார்கள். மூன்று நிமிடமும் இல்லை. நீலப் பின்னணிக்கு முன்னால் ஓர் இளம் பெண் இருக்கிறாள். கமராவுக்கு வெளியே இருந்து ஓர் ஆண்குரல் ஒரு சின்னப் பையனின் வசனங்களை வாசிக்கிறது. கீழே கருத்து எழுதியவர்கள் எல்லோரும் அவளுடைய கண்களைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஒருவர் மட்டும், "பக்கத்திலை வாசிக்கிறது ஆர்? மருந்துப் போத்திலிலை ஒட்டியிருக்கிறதை வாசிக்கிற மாதிரி வாசிக்கிறார்" என்று கேட்டிருந்தார். அது நான்தான். எனக்கு அதில் கோபமில்லை. அந்த வீடியோவில் நான் பார்ப்பது வேறு. இடதுபக்க மேல் மூலையில், நீலத் துணியின் ஓரத்தில், மங்கிப்போன கறுப்பு மை கொஞ்சம் தெரிகிறது. மற்றவர்கள் கறை என்று நினைப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வீடியோவை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மச்சாள் என் மாமாவின் மகள். அம்மாவின் ஒரே தம்பிதான் மாமா. அவர்கள் கனடாவில், நகரத்துக்கு வெளியே விட்பியில் புதிதாகக் கட்டிய வீடொன்றில் இருந்தார்கள். நாங்கள் நகரத்தின் ஓரத்தில், ரூஜில். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பத்து வயதிலேயே உள்ளூர்த் தமிழ்த் தொலைக்காட்சியில் சிறுவர் நிகழ்ச்சி நடத்தியவள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ ஒருவரின் வீட்டு ஹோலில் எடுக்கப்பட்ட தொடர்நாடகத்தில் மூன்று வருடம் அழுதாள். அதுவரைக்கும் மாமாவுக்குப் பெருமைதான். கலியாண வீடுகளில் சனம் வந்து "நாடகத்திலை அழுற பிள்ளையெல்லே" என்று கேட்டுப் படம் எடுத்துக்கொள்ளும். அவள் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஆங்கிலத் தொலைக்காட்சிக்குப் போகிறேன் என்றபோதுதான் பெருமை சந்தேகமாக மாறியது. "வெள்ளைக்காரன்ர நாடகத்திலை எங்கட பிள்ளைக்கு என்ன வேலை? ஒண்டில் கடைக்காரன்ர மகள், இல்லாட்டிச் செத்த பிரேதம்" என்றார் மாமா. அவர் சொன்னது முழுப் பிழை என்றும் சொல்ல முடியாது. முதல் வருடத்தில் அவள் இரண்டு முறை கடைக்காரனின் மகளாகவும், ஒருமுறை பிரேதமாகவும், நாலைந்து முறை தாதியாகவும் வந்தாள். தாதிக்கு வசனம் ஒன்றே ஒன்று: "டொக்டர், அறை ஆறுக்கு வாருங்கள்."

எங்கள் வீட்டில் இன்னொரு குழப்பமும் நடந்தது. "எனக்கு ஏஜென்ட் ஒராள் கிடைச்சிட்டார்" என்று அவள் சொன்ன அன்று, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா கையை உதறினார். அம்மாவைக் கள்ளவழியால் கனடாவுக்குக் கொண்டுவந்தது ஒரு ஏஜென்ட். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அந்த ஒரு பொருள்தான். "ஏஜென்சியோ? அவன் இன்னும் உயிரோடை இருக்கிறானோ? இப்ப எந்த நாட்டுக்கு ஆள் அனுப்புறான்?" என்று அப்பா கேட்டார். மச்சாளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறியது. அப்பா சிரிக்கவில்லை. நடிகர்களுக்கு வேலை தேடிக் கொடுப்பவர் என்று நான் விளக்கிய பிறகும், "அவனும் இப்பிடித்தான் சொன்னவன்" என்றார்.

மாமா வீட்டில் இருந்து ஒடிசன் வீடியோ எடுக்க முடியாது என்பதால் அவள் எங்கள் பேஸ்மென்டுக்கு வரத் தொடங்கினாள். இப்போதெல்லாம் நடிகர்கள் நேரில் போவது குறைவு. வசனத் தாள்கள் மின்னஞ்சலில் வரும். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் வீட்டிலேயே நடித்து, படம் பிடித்து அனுப்பவேண்டும். பின்னால் வெறும் நிறம் மட்டும் இருக்கவேண்டும். எதிரே நின்று மற்றப் பாத்திரங்களின் வசனங்களை வாசிக்க ஒருவர் வேண்டும். அம்மா பழைய நீலப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தேடி எடுத்து, சுருக்கம் போக மினுக்கி, நாலு குண்டூசியால் சுவரில் குத்திக் கொடுத்தார். மேல் மூலைகள் இரண்டையும் உள்ளே மடித்துத்தான் எப்போதும் குத்துவார். வாசிக்கிற ஆள் நான். எங்கள் வீட்டுக்குள் பள்ளிக்கூடம் முடித்துப் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்பதால், ஆங்கிலத்தில் எது வந்தாலும் வீட்டில் என்னிடம்தான் தருவார்கள். வரிக் கடிதம், பல் வைத்தியரின் படிவம், கடைசியில் மச்சாளின் வசனத் தாள்.

முதல் நாள் நான் துப்பறியும் அதிகாரியாக, குரலைத் தடிப்பாக்கி வாசித்தேன். அவள் கமராவை நிறுத்தினாள். "டேய் மச்சான், நடிக்காதை. வாசி மட்டும். நீ நடிச்சா அவங்கள் உன்னைத்தான் கேப்பாங்கள். என்னை இல்லை" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் நான் அவளுக்குக் கணவனாகவும், நீதிபதியாகவும், குடிகாரத் தகப்பனாகவும், கடத்தல்காரனாகவும் ஒரே குரலில் வாசித்தேன். அந்தத் தாள்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துகளுக்குப் பின்னால் குறுக்காக, சாம்பல் நிறத்தில், அவளுடைய பெயர் அச்சாகியிருக்கும். கதை வெளியே கசிந்தால் யாருடைய தாளில் இருந்து கசிந்தது என்று கண்டுபிடிக்க அப்படி ஒரு ஏற்பாடு. இதைக் கேட்டதும் எனக்கு நல்ல மரியாதை வந்தது. எங்களைப் போலவே யோசிக்கிற ஒரு தொழில் இருக்கிறதே என்று நினைத்தேன்.

நாங்கள் அப்படித்தான் வளர்ந்தோம். தொலைபேசி அடித்தால் முதலில் எங்கள் பெயரைச் சொல்லக்கூடாது. "ஆர் கதைக்கிறது?" என்று அங்கே இருப்பவரைத்தான் கேட்கவேண்டும். வீட்டுக்கு முன்னால் தெரியாத கார் நின்றால் இலக்கத்தை எழுதி வைக்கவேண்டும். அம்மாவுக்குக் குடியுரிமை கிடைத்துப் பல வருடங்களான பிறகும் அப்பா அவருடைய அகதிக் கேஸ் ஃபைலை அரிசி மூடைக்குப் பின்னால்தான் வைத்திருந்தார். அதைப் பற்றி வெளியில் வாய் திறக்கக்கூடாது. "அவங்களட்டையும் ஒரு ஃபைல் இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டையும் பக்கத்திலை வைச்சுப் பாப்பாங்கள்" என்பார். யார் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. இன்றைக்கும் வீட்டுக் கதவு மணி அடித்தால் நான் முதலில் திரைச்சீலையைத்தான் விலக்குகிறேன்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற மெசின் ஓடும்போது மட்டும்தான் குளிப்பார். மெசின் சத்தம் தொடங்கியதும் துவாயை எடுத்துக்கொண்டு ஓடுவார். சொந்தக்காரர்கள் இதைச் சொல்லிப் பகிடி பண்ணுவார்கள். எனக்குப் பன்னிரண்டு வயதில் மெசின் பழுதாகி மூன்று நாள் கிடந்தது. மூன்று நாளும் அம்மா குளிக்கவில்லை. நான் விடாமல் கேட்டபோது சொன்னார்: "வரேக்கை வழியிலை ஒரு நாட்டிலை எங்களை ஒரு அறைக்கை பூட்டி வைச்சிருந்தவங்கள். பதினொரு பேர். ஆள் இருக்கிறது அயலுக்குத் தெரியக்கூடாது. கீழ்வீட்டிலை மெசின் ஓடேக்கைதான் பைப்பைத் திறக்கலாம். உதை ஒருத்தருக்கும் சொல்லாதை ராசா." சரி என்று தலையாட்டினேன். பத்து வருடம் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு மச்சாளுக்குச் சொன்னேன். வீடியோ எடுக்கிற நேரங்களில் மெசினை நிறுத்தி வைப்போம். அதனால் அன்றைக்கெல்லாம் அம்மா குளிக்கப் பிந்தும். ஒருநாள் மச்சாள் அம்மாவைப் பற்றி, "மாமிக்கு ஏன் உந்த மெசின்ல அவ்வளவு லவ்?" என்று கேட்டபோது வாய் தவறி முழுவதையும் சொல்லிவிட்டேன். அவள் அன்று சிரிக்கவில்லை. அடுத்த வசனத்தை எடுக்கவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து அந்தப் படத்தின் தாள்கள் வந்தன. தாதியல்ல, பிரேதமல்ல, படம் முழுக்க வருகிற ஒரு தமிழ்ப் பெண். புதிதாக இந்த ஊருக்கு வந்த இளம் மனைவி. அவள் தாளை என்னிடம் தந்தாள். நான் கணவனின் வசனத்தை வாசிக்கத் தொடங்கினேன். மூன்றாவது வரியில் அந்தக் கணவன் மனைவியிடம், மெசின் ஓடுகிற நேரத்தில் மட்டும் நீ ஏன் குளிக்கிறாய் என்று கேட்கிறான். நான் தாளைக் கீழே இறக்கினேன். "அப்போதுதான் யாருக்கும் கேட்காது" என்று அவள் பதில் சொல்லவேண்டும். மூலையில் எங்கள் மெசின் சத்தமில்லாமல் நின்றது.

"நீ சொன்னனியோ?" என்று கேட்டேன்.

"என்னட்டை உதைக் கேக்காதை மச்சான்."

"இல்லையெண்டு சொல்லன்."

"நான் சொல்லேல்லை. ஆனா அதுக்கு மேலை என்னட்டைக் கேக்காதை. ப்ளீஸ்."

அந்தக் காட்சியை ஒருவாறு எடுத்து அனுப்பினோம். இல்லை என்று சொல்கிறவள் ஏன் கேட்காதே என்கிறாள்? உண்மை சொல்கிற முகத்தை எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்குத் தொழிலே முகம்தானே. இரண்டு வருடமாக எனக்கு எதிரே நின்று, அன்று காலைதான் படித்த வசனத்துக்குக் கண்ணீர் விட்டவள். அவளுடைய முகத்தை நம்புவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நான் அவளுடைய பழைய சிரிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சந்தேகித்தேன். பேஸ்மென்டுக்கு வந்ததே கதை பொறுக்கத்தானோ?

அந்தச் சாம்பல் நிறப் பெயரில் இருந்துதான் எனக்கு யோசனை வந்தது. அடுத்த முறை அவள் வந்தபோது, எதுவும் நடக்காதது மாதிரி ஒரு பொய்யைச் சொன்னேன். "அம்மா இன்னொண்டும் சொன்னவ. அந்த அறையிலை ஒரு மஞ்சள் வாளி இருந்ததாம். பதினொரு பேருக்கும் அது ஒண்டுதானாம்." அப்படி ஒரு வாளி இருக்கவேயில்லை. நானே உண்டாக்கியது. அடுத்த தாள்களில் மஞ்சள் வாளி வந்தால் கள்ளி பிடிபட்டாள். அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். "அப்பிடியோ" என்றாள். அவ்வளவுதான்.

ஆனால் எனக்குப் பொறுமை இருக்கவில்லை. தாள் வர முதலே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அப்பா நேரே அரிசி மூடைக்குப் பின்னால் போய் ஃபைல் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மாமாவுக்குத் தொலைபேசி அடித்தார். மாமா, "அக்காவின்ர கதையை வித்துத்தான் நீ பெரியாளாக வேணுமோ?" என்று மகளைக் கேட்டதாகவும், ரூஜில் எங்கள் வீட்டுப் படி மிதிக்கக்கூடாது, நடிப்பும் இத்தோடு சரி என்று சொன்னதாகவும் அறிந்தேன். அவள் ஒரு பதிலும் சொல்லவில்லையாம். குற்றவாளி என்றால் அப்படித்தானே இருப்பாள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அம்மா மட்டும் அந்தப் பேச்சுக்குள் வரவில்லை. அம்மா அந்த நாட்களில் வழமையைவிட அமைதியாக இருந்தார். காயப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். அதற்கு முன்பே சில சனிக்கிழமைகளில் கோவிலுக்குப் போய்விட்டு நெற்றியில் திருநீறு இல்லாமல் திரும்பி வருவதைக்கூடக் கவனித்திருந்தேன். அவசரத்தில் மறந்துவிட்டார் என்று அதற்கும் நானே காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். இவ்வளவு சந்தேகம் பிடித்த எனக்கு அம்மாவைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை, அப்பா எயர்போட்டில் டாக்சி வேலைக்கு மிசிசாகா பக்கம் போயிருந்தார். நான் கீழே இறங்கியபோது அம்மா நாற்காலியில் ஏறி நின்று நீல விரிப்பைச் சுவரில் குத்திக்கொண்டிருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் மச்சாள் படியடியில் நின்றாள். ரயிலும் பஸ்ஸும் மாறி வந்திருந்தாள். அந்தப் பாத்திரத்துக்கு அவளோடு சேர்த்து இரண்டு பேர்தான் மிச்சம். அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு முன் கடைசிக் காட்சியை அனுப்பாவிட்டால் அவள் பெயரை எடுத்துவிடுவார்கள்.

"நான்தான் வரச் சொன்னனான்" என்றார் அம்மா. "வாசிச்சுக் குடு தம்பி."

"அம்மா, இவள் என்ன செய்தவள் எண்டு தெரியுமோ?"

"உன்னை வாசிக்கத்தானே சொன்னனான்" என்றார். பிறகு மேலே போய்விட்டார்.

மச்சாள் தாளை நீட்டினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் நின்றபடியே மூன்று பக்கத்தையும் வேகமாகப் புரட்டினேன். மஞ்சள் வாளியைத்தான் தேடினேன். இல்லை. வாளி என்ற சொல்லே இல்லை. அந்தக் காட்சியில் அறையும் இல்லை. ஒரு சமையலறை மேசை. வருடங்கள் கழித்து, அதே பெண்ணும் அவளுடைய எட்டு வயது மகனும். மகனின் பள்ளிக்கூடப் படிவத்தில் தாய் கையெழுத்து வைக்கவேண்டும். அவளுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது என்று மகன் நினைக்கிறான். அவளுடைய கையைப் பிடித்துப் பெயர் எழுதப் பழக்குகிறான். அதற்குக் கீழே, நடிப்பவருக்காக, இரண்டு வரியில் ஒரு குறிப்பு இருந்தது. அவளுக்கு எழுதத் தெரியும். பூட்டி வைத்திருந்த அறையில் கூட இருந்த ஒரு பெண், கீழ்வீட்டு மெசின் ஓடுகிற நேரங்களில், குளியலறையின் ஈரச் சுவரில் விரலால் எழுதி அவளுக்குப் பழக்கியிருந்தாள். ஆனால் மகனின் முகத்தில் இருக்கும் பெருமையைப் பார்த்து, தெரியாதவள் மாதிரி பிழையாக எழுதுகிறாள்.

அதை இரண்டாம் முறை வாசித்தேன். எனக்கு எட்டு வயதில், எங்கள் சமையலறை மேசையில், அம்மாவுக்கு நான்தான் ஆங்கிலத்தில் பெயர் எழுதப் பழக்கினேன். கடைசி எழுத்தின் வாலை அம்மா ஒவ்வொரு முறையும் மற்றப் பக்கம் வளைப்பார். "இல்லையம்மா, இஞ்சாலை வளையுங்கோ" என்று கையைப் பிடித்துத் திருத்துவேன். ஒரு கிழமை எடுத்தது. நான் என் வாழ்க்கையில் செய்த முதல் பெரிய காரியம் அது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தபோது எழுதிய கட்டுரையில்கூட அதைத்தான் எழுதினேன். இதை நான் மச்சாளிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் என் பக்கத்தைத்தான் சொல்லியிருப்பேன். அம்மாவின் பக்கம் எனக்கே தெரியாது. அது அம்மா ஒருவருக்குத்தான் தெரியும்.

"மாமிதான் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி என்னட்டைக் கேட்டவ" என்றாள் மச்சாள் மெதுவாக. "படத்தை எழுதுறவ எங்கட ஆக்களட்டைக் கதை கேட்டுத் திரியிறா எண்டு ஒருநாள் சொன்னனான். நானும் ஒராள் இருக்கிறன் எண்டு மாமியே சொன்னா. கோவிலுக்கெண்டு சொல்லிப்போட்டு நாலு சனிக்கிழமை வந்தவ. தானே இருந்து, தானே சொன்னவ. உனக்கும் உங்கட அப்பாவுக்கும் சொல்லக்கூடாதெண்டு சத்தியம் வாங்கினவ. என்ர அப்பா பேசேக்கை சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை."

மூன்று கிழமை அவள் விட்பி வீட்டில் கள்ளிப் பட்டத்தோடு இருந்திருக்கிறாள். அந்தப் படமே கையை விட்டுப் போகும் நிலையிலும் வாயைத் திறக்கவில்லை. நான் நம்பாத அந்த முகம் அவ்வளவு நாளும் ஒரு சத்தியத்தைக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

"மன்னிப்பெல்லாம் பிறகு கேள். இப்ப மூண்டு மணி" என்றாள். பென்சிலோடு நாற்காலியில் இருந்தாள். கமராவைத் தட்டினாள். "நடிக்காதை. வாசி மட்டும்."

வாசித்தேன். எட்டு வயதுப் பையனின் வசனம். இல்லையம்மா, இந்தப் பக்கம் வளையுங்கள். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு தட்டையாக நான் எதையும் வாசித்ததில்லை. கொஞ்சம் உணர்ச்சியை விட்டிருந்தாலும் குரல் உடைந்திருக்கும். மச்சாள் பென்சிலைப் பிடித்த விதம், வேண்டுமென்று பிழைவிட்ட விதம், பிழைவிட்ட பிறகு மகனைக் கடைக்கண்ணால் பார்த்த விதம், எல்லாம் என் சமையலறை மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து நான் பார்க்கத் தவறியவை. அப்போதுதான் மேலே சத்தம் கேட்டது. எங்கள் தலைக்கு மேல் குழாய்களில் தண்ணீர் இறங்கியது. மெசின் நிற்கிறது, நான்தான் நிறுத்தினேன். பட்டப்பகல். அம்மா குளித்துக்கொண்டிருந்தார். நிதானமாக, நிறுத்தாமல், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் கமராவை நிறுத்தக் கை நீட்டினேன். சத்தம் வீடியோவில் விழும், திரும்ப எடுக்கவேண்டும். மச்சாள் தலையை அசைத்தாள். "விடு. போகட்டும்" என்றாள். அந்தக் கடைக்கண் பார்வையோடேயே கடைசி வசனத்தைச் சொன்னாள். அந்த இரண்டு சொல்லை மட்டும் வெட்டிவிட்டு நாலரைக்கு அனுப்பினோம். இப்போது சுற்றித் திரிகிற வீடியோ அதுதான். குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் என்று நினைத்து யாரும் கவனிக்காத ஒரு சத்தம் அதில் இருக்கிறது.

பாத்திரம் அவளுக்கே கிடைத்தது. மாமா மகளோடு ஆறுமாதம் கதைக்கவில்லை. படம் வந்த பிறகு, "என்ர மருமகன்தான் பிள்ளைக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தது" என்று சனத்துக்குச் சொல்லித் திரிந்தார். அவர் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, அவளைக் கள்ளி ஆக்கிய என்னைப் பற்றி இதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மச்சாள் இப்போது நாட்டின் மறுகரையில் ஒரு தொடரில் நடிக்கிறாள். அறைக்குத் தாதிகளை அழைக்கிற டொக்டர் அவள்தான். அப்பா படத்தைத் திரையரங்கில் இரண்டு முறை பார்த்தார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் ஃபைலை எடுத்து அம்மாவின் அலுமாரிக்குள் வைத்தார். நான் படம் பார்த்தபோது, அந்தப் பூட்டிய அறைக் காட்சியில், பெண்கள் சுவரோரம் சாய்ந்திருக்கும் இடத்தில், பின்னால் ஒரு பொருள் என் கண்ணில் பட்டது. மஞ்சள் வாளி. அன்று பார்க்கப் போகிறேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன்; படம் முடிய முதலே கைபேசி அதிர்ந்தது. "வாளி பாத்தனியோ மச்சான்? செட் போடுற ஆக்களட்டைக் கெஞ்சி வைப்பிச்சனான். கள்ளி பிடிபட்டாள்" என்று அனுப்பியிருந்தாள். நான் பொய் சொன்ன அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு எதிரே இரண்டு வருடம் நின்றும் எனக்கு நடிக்க வரவில்லை.

இனி அந்த மூலை. அன்று வீடியோவை அனுப்பிவிட்டு நான் விரிப்பைக் கழற்றப் போனேன். எப்போதும் உள்ளே மடிந்திருக்கும் இடதுபக்க மூலை அன்று வெளியே விரிந்து தொங்கியது. அதில் கறுப்பு மையால், ஆங்கில எழுத்தில், அம்மாவின் பெயர். துவைத்துத் துவைத்து மங்கியிருந்தது. கனடாவுக்கு வந்த முதல் வருடம், நான் பிறக்க முதல், நாலு குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தபோது, உடுப்புகள் மாறிப்போகாமல் இருக்க எல்லோரும் தங்கள் துணிகளில் பெயர் எழுதி வைத்தார்களாம். கடைசி எழுத்தின் வால் மற்ற எழுத்துகளுக்குக் கீழே இறங்கி, சரியான பக்கத்துக்கு, வடிவாக வளைந்திருந்தது. இரண்டு குளிர்காலம் அந்தச் சாட்சி என் கண்ணுக்கு முன்னால், ஒரு மடிப்புக்குள், சுவரில் தொங்கியிருக்கிறது.

வீடியோ சுற்றத் தொடங்கிய பிறகு, போன ஞாயிற்றுக்கிழமை ரூஜுக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு மட்டும் ஏன் மூலையை மடிக்கவில்லை?

"குண்டூசி ஒண்டு குறைஞ்சுபோச்சு ராசா" என்றார்.

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. பிறகு கையைத் துடைத்துவிட்டு, வங்கியில் இருந்து வந்த ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பேனையைப் பிடித்து, மிக மெதுவாகப் பெயரை எழுதினார். கடைசி எழுத்துக்கு வந்ததும் கையை நிறுத்தி, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வால் எந்தப் பக்கம் தம்பி?"

நான் கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்து, அம்மாவின் கையைப் பிடித்தேன்.